கட்டை தாண்டிய கார்

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காரின் கன்வெர்ட்டருக்குள் ஒன்றுமே இல்லை என்பது அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

கன்வெர்ட்டர் என்பது காரின் வயிற்றுக்கு அடியில், புகைக்குழாயின் நடுவில் இருக்கும் டிபன் கேரியர் அளவு உருளை. உள்ளே தேன்கூடு மாதிரி பொடிப்பொடித் துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம் என்று தங்கத்துக்குப் பங்காளி முறை வரும் உலோகங்களைப் பூசியிருப்பார்கள். இன்ஜின் விடும் விஷப்புகை அதில் பட்டுக் கொஞ்சம் யோக்கியமாகி வெளியே வரும். எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்த பெங்களூர் பையன் அதற்கு இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ வைத்து, முழங்கை மொத்தத்துக்கு சைலன்சர் மாட்டி, கன்வெர்ட்டரின் குடலை உருவி விற்றுவிட்டு, வெறும் கூட்டை மட்டும் திரும்ப வெல்டிங் வைத்திருந்தான். "உள்ள காலி சார், அதான் சவுண்டு இப்படி" என்று பெருமையாகத்தான் சொன்னான். நாற்பத்துநாலு வயதில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் அந்தச் சத்தத்தோடு ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச் வளாகத்துக்குள் வண்டியைத் திருப்பினால் உள்ளே பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, நான் இன்ஜினை அணைக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் சபைக் கமிட்டி செயலாளர் வேறு. என் மனைவி பியூலா கொஞ்ச நாளில் ஆட்டோவில் வர ஆரம்பித்தாள். புகைச் சான்றிதழை வண்டியைக் காட்டாமலே வாங்கினேன். எப்படி என்று கேட்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கியிருப்பீர்கள்.

இந்த வருஷம் காருக்குப் பதினைந்து வயது முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியை நிஜமாகவே நிறுத்திப் புகை பார்ப்பார்கள். அதனால்தான் ஆண்டர்சன்பேட்டையில் மாதா கோயிலுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டிருக்கும் சம்பங்கி அண்ணனிடம் போனேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கோலார் தங்கவயலில் டர்போ வைத்த வண்டியைத் தொடத் தெரிந்த ஒரே ஆள்.

"புது கன்வெர்ட்டர்ல மூணு வகை கீது நோயலு" என்றார் காருக்கு அடியில் மல்லாந்தபடியே. "ஒரு இஞ்சு சதுரத்துக்கு இருநூறு ஓட்டை, முந்நூறு, நானூறு. இருநூறு போட்டா வண்டி பறக்கும், ஆனா டெஸ்ட்ல பூடும். நானூறு போட்டா டெஸ்ட் பாஸு, டர்போக்கு மூச்சு முட்டும்."

"எதுண்ணா நல்லது?"

"எங்க நைனா முப்பது வருஷம் சுரங்கத்துக்குள்ள காத்து அனுப்பற ஷாஃப்ட்டு ஃபேன் ஹவுஸ்ல இருந்தாரு. காத்து ரொம்ப ஓடுனா தூசியத் தூக்கினு வரும், கம்மியா ஓடுனா ஆளத் தூக்கினு வரணும்னுவாரு. முந்நூறு போடு. உள்கூடு மெட்டல்ல வாங்கு. செராமிக்கு நம்ம ரோட்டுப் பள்ளத்துக்குத் தாங்காது."

சனிக்கிழமை பார்சல் வந்தது. பழசைக் கழற்றி ஒரு கையால் தூக்கினார். அப்படியே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் மாத்துற?"

"அடைச்சுக்கிச்சுண்ணா."

"ஓ" என்று சொல்லிவிட்டு அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். புதுசை மாட்டி, சென்சார் ஒயரைக் கோத்து, சாயங்காலம் வண்டியைக் கொடுத்தார். மறுநாள் சர்ச்சுக்கு நான் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் நன்றி ஜெபத்தில் என் காரைப் பெயர் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். முடியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான்.

புது கன்வெர்ட்டர் வந்த அட்டைப்பெட்டியின் பக்கத்தில் 'பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் அடங்கியது' என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்ததும் பெட்டியைத் திருப்பி, எழுத்து தெரியாமல் சுவரோரம் வைத்தேன். எங்கள் ஊர் ஆட்கள் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள். என் அப்பா ஏசுபாதம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிப்டு முடிந்து கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் மேலே வந்தால், தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருகிறார்களா என்று பார்க்கும் சோதனைக் கூடம். கையைத் தூக்கு, வாயைத் திற, முடியை உதறு. ரிட்டயர் ஆன பிறகும் மளிகைக் கடையை விட்டு வெளியே வரும்போது கால்சட்டைப் பையைத் தானே வெளியே இழுத்துக் காட்டிவிட்டு வருவார். எங்களையும் அப்படித்தான் வளர்த்தார். பெங்களூரில் மெட்ரோ ஸ்டேஷனில் காவலர் என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் இரண்டு கையும் மேலே போய்விடும். அப்படிப்பட்டவன் தினமும் காருக்கு அடியில் பிளாட்டினத்தைக் கட்டிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டுவதா? முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

"இன்னாங்க, யாராவது உங்களக் கேட்டாங்களா?" என்றாள் பியூலா.

"கேக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லிட்டா மரியாதை" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாரிகுப்பம் ரோட்டில் அரும் உலோக வெளியேற்றத் தடுப்புப் பிரிவு என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. ஊரில் வாட்ச் ஆபீஸ் என்பார்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அலுவலகத்தை மூடவும் பல முறை உத்தரவு வந்தது. ஆனால் வெளியே போகும் எந்தப் பொருளையும் சோதனை போட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. அலுவலகமே வெளியே போவதானால் அதை யார் சோதனை போடுவது என்று பதில் எழுதிக் கேட்டிருந்தார்கள். மேலிடம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டை. அதன் இரண்டு பக்கமும் தாராளமாக வழி உண்டு. பள்ளிக்கூட வேன், ஆட்டோ, எருமை எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வரும்.

உள்ளே மூன்று பேர். கண்காணிப்பாளர் தாமோதரன், கிளார்க் மமதா, சோதனையாளர் ராஜேந்திரன். தங்கம் வைக்கக் கட்டி இப்போது காலியாகக் கிடந்த ஒரு இரும்பு அறையை மூவரும் காவல் காத்தார்கள். தினமும் சாயங்காலம் ராஜேந்திரன் மற்ற இருவரின் பைகளைச் சோதனை போடுவார், பிறகு அவர் பையை அவர்கள் போடுவார்கள். பதிவேட்டில் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். சுவர் முழுக்கப் பாராட்டுப் பத்திரங்கள்.

"உட்காருங்க நோயல்" என்றார் தாமோதரன். "நான் பொறுப்பேத்த பிறகு இந்த ஊர்லேர்ந்து ஒரு குந்துமணித் தங்கம் வெளியே போனதில்ல. தங்கம் இருந்த காலத்துல எனக்கு முன்னாடி இருந்தவங்களால முடிஞ்சுதா? முடியல. இப்போ நூத்துக்கு நூறு. காவல்னா அதுதான்."

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் மெதுவாக எழுந்து நின்றார். மமதா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். ராஜேந்திரன் தொப்பியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தானாக வந்து சொன்ன மனிதரை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. உண்மையில் எந்த மனிதரையுமே வெகுநாளாகப் பார்த்ததில்லை.

ஃபாரம் ஆட்களுக்கானது. காருக்குத் தனியாக இல்லை.

"தகப்பனார் பேரு?" என்றாள் மமதா.

"என்னுதா?"

"வண்டியுது சார்."

முன்னால் வைத்திருந்த பெங்களூர் பையனின் பெயரைச் சொன்னேன். சுரங்கத்தில் எந்த லெவலில் வேலை என்ற கட்டத்தில் 'தரை லெவல்' என்று எழுதினாள். உடம்பில் அடையாளம் என்ற கட்டத்துக்கு, பின் கதவிலிருந்த ஒடுக்கைக் காட்டினேன். "சரி ஆயித்து" என்று கன்னடத்தில் முடித்து முத்திரை குத்தினாள்.

அடுத்தது சோதனை. அலுவலகத்தின் சோதனைக் கூடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை உண்டு. அந்தக் காலத்தில் ஆட்கள் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும், எங்கேயாவது ஒளித்து வைத்திருந்தால் விழுந்துவிடும். மூன்று தரம் தாண்ட வேண்டும் என்பது மேனுவல். கார் தாண்டாது என்று நான் சொன்னேன். தாமோதரன் நியாயமானவர், கட்டையை வெளியே கொண்டுவந்து தரையில் படுக்கப் போடச் சொன்னார். நான் காரை அதன்மேல் மூன்று தரம் ஏற்றி இறக்கினேன். ராஜேந்திரன் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நட்டு விழுந்திருந்தது. அதை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

"புகையில கலந்து பொடியா வெளிய போச்சின்னா?" என்று தாமோதரனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சைலன்சர் வாயில் வெள்ளைத் துணி கட்டினார்கள். ரோட்டுத் தடுப்புக் கட்டையிலிருந்து எல்லைக் கல்வரை துணியோடு போக வேண்டும், அங்கே அவிழ்த்துத் துணியை ஒப்படைக்க வேண்டும். துணி கட்டியதும் இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ராஜேந்திரனும் மமதாவும் பின்னாலிருந்து தள்ளினார்கள். பக்கத்து வழியில் போன ஆட்டோக்காரர் ஸ்டீவன், "இன்னா நோயலண்ணா, காருக்குக் கோமணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் தாமோதரன் கேட்ட கேள்விதான் சிரிப்பை நிறுத்தியது.

"புதுசு உள்ள வந்துச்சுன்னா, பழசு எங்கே?"

அன்று மத்தியானமே சம்பங்கி அண்ணனையும் பெஞ்சுக்கு அடியிலிருந்த உருளையையும் கொண்டுவந்தார்கள். சாட்சிக்கு நான் உட்கார்ந்திருந்தேன். ராஜேந்திரன் ரம்பத்தால் உருளையை அறுத்தார். இரண்டு பாதியும் மேஜைமேல் உருண்டன. உள்ளே கொஞ்சம் கரி, அவ்வளவுதான்.

அறையில் ஒரு சந்தோஷம் பரவியதை என் கண்ணால் பார்த்தேன். தாமோதரனின் முகம் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கண்ட மாமனார் முகம் மாதிரி ஆகிவிட்டது. இருபது வருஷத்துக்குப் பிறகு எதுவோ ஒன்று காணாமல் போயிருந்தது.

"கழட்டறப்ப உள்ள மால் இருந்துச்சா?" என்று சம்பங்கி அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஷெட்டில் பார்த்த அதே பார்வை.

"வண்டி அவருது. அவரைக் கேளுங்க."

தாமோதரன் என் பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. வாங்கும்போதே காலி சார். சொல்லியிருந்தால் சம்பங்கி அண்ணன் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி, காலி உருளையோடு இரண்டு வருஷம் புகைச் சான்றிதழ் எப்படி வந்தது என்பதாக இருக்கும். அதற்கு அடுத்தது வண்டிப் பதிவு. அதற்கு அடுத்தது சபைக் கமிட்டி. எல்லாம் ஒரு நொடியில் கண்முன்னால் வந்து வரிசையில் நின்றன.

"இருந்தது சார்" என்றேன்.

மமதா எழுதிக்கொண்டாள். சம்பங்கி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உடனே சோதனை என்றார்கள். கழற்றிப் பத்து நாளாகிறதே, இன்னுமா உடம்பில் வைத்திருப்பார் என்று யாரும் யோசிக்கவில்லை. சட்டையையும் பேன்ட்டையும் கழற்றச் சொன்னார்கள். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து பேசினில் துப்பச் சொன்னார்கள். நரைத்த முடியை உதறச் சொன்னார்கள். பிறகு கட்டையை நிறுத்தினார்கள். என் காருக்காகப் படுக்கப் போட்ட அதே கட்டைதான், இப்போது மேனுவல்படி முழங்கால் உயரத்தில் நின்றது.

முதல் தரம் கால் தட்டி முட்டி போட்டு விழுந்தார். "மன்னிச்சிக்கண்ணே, மூணு தரம்னு போட்டுகீது" என்றார் ராஜேந்திரன். அண்ணன் எழுந்து, அரைக்கால் டிராயரோடு, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி தாண்டினார். அப்புறம் இன்னொரு தரம்.

அப்போதுதான் கவனித்தேன், பெஞ்சில் உட்கார்ந்தபடியே என் இரண்டு கையும் மேலே போயிருந்தன.

"நீங்க எறக்குங்க சார்" என்றார் ராஜேந்திரன் அன்பாக. "நீங்க தகவல் குடுத்தவரு."

அந்தக் கட்டைப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை உண்டு. 'பிடிபட்டவர்கள்' என்று மேலே எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் அதில் பெயர் வந்தால் பேரப்பிள்ளைக்குப் பெண் எடுக்கும்போதுகூடச் சொல்லிக்காட்டுவார்கள். வெகுநாளாகக் காலியாக இருந்த பலகைக்கு ராஜேந்திரன் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் 'சம்பங்கி, மெக்கானிக், ஆண்டர்சன்பேட்டை' என்று எழுதினார். எழுத்து அழகாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். ஷெட்டுக்குப் பதினைந்து நாள் பூட்டு. அவர் ரோட்டுத் தடுப்புக் கட்டையைத் தாண்டும்போதெல்லாம் சோதனை. பூட்டைத் திறந்த பிறகும் வண்டிகள் வரவில்லை. "சம்பங்கியாண்ட உட்டா பாதி வண்டிதான் திரும்ப வரும்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

அடுத்த மாதம் ஸ்கெலட்டன் என்ற குடியிருப்புப் பகுதியில் ஒரு பழைய மன்றத்தில் விழா வைத்தார்கள். எனக்குச் சால்வை போட்டு, 'விழிப்புள்ள குடிமகன்' என்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் கொடுத்தார்கள். தாமோதரன் பேசினார்.

"இந்த அலுவலகம் தேவையான்னு கேட்டாங்க. மார்ச்சோட மூடணும்னு கடைசியா ஒரு உத்தரவே வந்துடுச்சி. நான் மனசு உடைஞ்சி போயிட்டேன். ஒரு திருட்டுகூட இல்லாத ஊர்ல காவல்காரன் எதுக்குன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கடவுள் பார்த்து நோயலை அனுப்புனார். ஒரே ஒரு சம்பவம், அஞ்சு வருஷம் நீட்டிப்பு! இப்படி வருஷத்துக்கு ஒரு குடிமகன் வந்தாப் போதும், இந்த ஊர்ல காவல் என்னைக்கும் இருக்கும். திருடன் இருக்கானோ இல்லையோ, அது வேற டிபார்ட்மென்ட்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சால்வையைக் காருக்குள் ஒளித்து வைத்துவிட்டு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த சம்பங்கி அண்ணன் வீட்டுக்குப் போனேன். முட்டியில் கட்டுப் போட்டிருந்தார். அவர் மனைவி பார்வதம்மா, "உக்காருப்பா" என்று டீ கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வீட்டில் எனக்கு டீ கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அண்ணா, அந்தக் கன்வெர்ட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்பா" என்றார். "கையில தூக்கனவுடனே தெரிஞ்சிச்சி. முழுசா இருந்தா கைய இழுக்கும். அது தகர டப்பாவாட்டம் வந்துச்சி. ஓரத்துல வெல்டிங் வேற பழசு."

"அப்புறம் ஏண்ணா அங்க சொல்லல?"

"சொன்னா உன் ஆர்சி பூடும். ரெண்டு வருஷம் டுபாகூர் சர்டிபிகேட்டுல ஓட்டிகினு இருந்தான்னு கேஸாவும். என்னை நம்பி வண்டி உட்டவனை நான் எப்பிடி மாட்டி உடறது?" முட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "நீயே சொல்லுவன்னு இருந்தேன் நோயலு. மூணாவது தரம் தாண்டறதுக்குள்ள சொல்லிடுவன்னு பார்த்தேன்."

டீயைக் குடித்தேன். குடித்தேன் என்பதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் வாட்ச் ஆபீஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காலி, தெரியும், பொய் சொன்னேன், பெயரை அழியுங்கள். தாமோதரன் கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"நோயல், நீங்க நல்லவரு. அதான் இப்படிப் பேசறீங்க. ஆனா பாருங்க, காலின்னா சம்பவம் இல்ல. சம்பவம் இல்லைன்னா நீட்டிப்பு இல்ல. மமதாவுக்கு ரெண்டு பொண்ணுங்க. ராஜேந்திரனுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ். புகார் குடுக்க ஃபாரம் இருக்கு, வாக்குமூலத்துக்கு ஃபாரம் இருக்கு. சொன்னது பொய்யின்னு சொல்றதுக்கு ஃபாரம் இல்ல. அப்படியும் வேணும்னா உங்க வண்டிப் பேப்பரை எல்லாம் கொண்டாங்க, மொதல்லேர்ந்து பார்ப்போம். புகைச் சான்றிதழும் சேர்த்து."

எழுந்து நின்றேன். கொண்டுவருகிறேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். "வரேன் சார்" என்றுதான் வாயில் வந்தது. படியிறங்கும்போது அப்பாடா என்று இருந்தது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுவது, சொன்ன பொய்க்குக்கூட இல்லை, அந்த அப்பாடாவுக்குத்தான்.

காரின் பதிவு புதுப்பித்தாகிவிட்டது. புகையில் குறையே இல்லை என்றார்கள். முந்நூறு துளை சரியான தேர்வு. இப்போதெல்லாம் காலையில் தடுப்புக் கட்டைக்கு முன்னால் நான் வந்து நிற்பது ராஜேந்திரனுக்குத் தெரிவதேயில்லை, அவ்வளவு அமைதியாக வருகிறது வண்டி. ஹாரன் அடித்தால்தான் திரும்பிப் பார்ப்பார். சில நாள் எனக்கு முன்னால் சம்பங்கி அண்ணன் நிற்பார், பழுது பார்க்கும் பையைத் தரையில் கொட்டி, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு. பக்கத்து வழியில் போகலாமே, எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள். பலகையில் பெயர் வந்தவர் அப்படிப் போனால் ஓடினான் என்பார்கள்.

அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். என் கைகள் ஸ்டீயரிங்கை விட்டுத் தாமாக மேலே எழும்பும்.

"நீங்க போங்க சார்" என்று ராஜேந்திரன் கட்டையைத் தூக்கிவிட்டு சல்யூட் அடிப்பார். "உங்களுக்கு சோதனை கெடையாது."

நான் போய்விடுகிறேன்.